பேட்டரி இல்லாத அட்டை பதில் சொல்வது எப்படி?

வர்த்தகக் கண்காட்சிக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையில் பேட்டரியே இல்லை. நான் எந்த அரங்குக்குள் நுழைந்தேன் என்பது மட்டும் எப்படிப் பதிவாகிறது?"

எல்லா அட்டையும் அப்படியில்லை. சிலவற்றில் கியூஆர் கட்டம்தான் இருக்கும். அவருடையது ஆர்எஃப்ஐடி வகை, அதாவது ரேடியோ அலை வழியே அடையாளம் சொல்லும் அட்டை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், உள்ளே மடிந்து மடிந்து ஓடும் உலோகக் கோடு தெரியும். அதுதான் ஆன்டெனா. நடுவில் மிளகைவிடச் சிறிய சில்லு (சிப்).

வாசலில் இருக்கும் கருவி ஏறக்குறைய 900 மெகாஹெர்ட்ஸில் ரேடியோ அலையை அனுப்புகிறது. அந்த அலையிலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. சரி, பதில்? அங்கேதான் அழகு. அட்டை சொந்தமாக அலை எதையும் அனுப்புவதில்லை. வெயிலில் கண்ணாடித் துண்டைச் சாய்த்துச் சாய்த்து எதிர்வீட்டுச் சுவரில் ஒளி அடிப்போமே, அதேதான். சில்லு தன் ஆன்டெனாவின் மின்தடுப்பை (மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பை) மாற்றி மாற்றி, வரும் அலையை ஒருமுறை அதிகமாகவும் ஒருமுறை குறைவாகவும் திருப்பி அனுப்புகிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் அட்டையின் அடையாள எண்ணைச் சொல்லும் 1, 0. கருவியோ, தான் உரக்கக் கத்திக்கொண்டிருக்கும்போதே அந்தக் கிசுகிசுப்பைப் பிரித்துக் கேட்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்புதான்!

ஒரே நேரத்தில் பல அட்டைகள் பேசினால்? ஒவ்வொன்றும் ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுத்து, தன் முறை வரும்வரை காத்திருக்கும். மோதினால் மறுபடி எண் எடுக்கும்.

ஹாரி ஸ்டாக்மன் என்ற பொறியாளர் 1948-லேயே இந்தப் பிரதிபலிப்புத் தொடர்பைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இன்னும் நிறைய ஆராய்ச்சி தேவை என்றும் அதில் சொன்னார். மலிவான சில்லுகள் வரப் பல பத்தாண்டுகள் ஆயின. "உடனே என்ன பயன்?" என்று கேட்டு ஆராய்ச்சிப் பணத்தை நிறுத்துபவர்கள் மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

கண்காட்சித் துறையின் ஆய்வாளர்களுக்கு இன்றும் தலைவலி, மனித உடம்புதான். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். இந்த அலைகளை அது விழுங்கிவிடும். காலிக் கூடத்தில் அருமையாக வேலை செய்யும் அமைப்பு, கூட்டம் வந்ததும் தடுமாறும். நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும் அட்டை பல சமயம் பதிவாகாமலே போகும். ஓரிரு சென்டிமீட்டர் விலகித் தொங்கினாலே நிலைமை மாறும். அதனால் கருவியின் ஆன்டெனாவை வாசலுக்கு மேலேயும் பக்கவாட்டிலும் மாற்றி மாற்றி வைத்து, ஆட்களை நடக்கவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.