பவுலா ராட்கிளிஃபின் குதிகால் நாண்

“ஆஸ்துமா உள்ள ஒரு பெண் மாரத்தானில் உலக சாதனை படைத்தாராமே, மூச்சே திணறும் ஒருவரால் அது எப்படி முடிந்தது?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவர் கேள்விப்பட்டது உண்மைதான். இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃபுக்குப் பள்ளிப் பருவத்திலேயே ஆஸ்துமா இருப்பது தெரிந்துவிட்டது. அந்தப் பவுலாதான் 2003 ஏப்ரல் 13 அன்று லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி முடித்தார். கிலோமீட்டருக்குச் சராசரியாக 3 நிமிடம் 13 விநாடி. நம்மில் பெரும்பாலோர் ஒரே ஒரு கிலோமீட்டரைக்கூட அந்த வேகத்தில் ஓட முடியாது. அவர் அப்படி 42 கிலோமீட்டர் ஓடினார்.

அவரது வாழ்க்கை வெற்றியாகவே அமைந்துவிடவில்லை. 1992-இல் பாஸ்டனில் இளையோர் உலக கிராஸ் கன்ட்ரி பட்டம். பிறகு நெடுங்காலம் பக்கத்தில் வந்து நழுவிய பதக்கங்கள். 1999-இல் செவில்லில் 10,000 மீட்டரில் வெள்ளி, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் நான்காம் இடம். முன்னால் ஓடிக்கொண்டே இருப்பார், கடைசிச் சுற்றில் மற்றவர்கள் பாய்ந்து கடந்துவிடுவார்கள். 2002-இல் மாரத்தானுக்கு வந்த பிறகுதான் கதை மாறியது. அந்த ஆண்டே சிகாகோவில் உலக சாதனை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பாதிக்கு மேல் ஓடியபின் சாலையோரம் உட்கார்ந்து அழுதார். மறு ஆண்டு ஹெல்சிங்கியில் உலகச் சாம்பியன். ஒலிம்பிக் பதக்கம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

இனி நுரையீரல். மருந்தால் கட்டுக்குள் இருக்கும் ஆஸ்துமாவில், நுரையீரலைக் கடந்து வரும் இரத்தம் ஏறக்குறைய முழு அளவு ஆக்ஸிஜனோடுதான் வருகிறது. நெடுந்தூர ஓட்டக்காரர்களைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்துவது மூச்சன்று. இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தத்தை இறைக்கிறது, தசை அதிலிருந்து எவ்வளவு ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கிறது என்பவையே எல்லையை வகுக்கின்றன. இந்த இரண்டும் சேர்ந்த அளவைத்தான் உச்ச ஆக்ஸிஜன் பயன்பாடு என்கிறோம்.

ஆண்ட்ரூ ஜோன்ஸ் என்ற உடலியங்கியலாளர், பவுலா பதின்வயதில் இருந்தபோதே அவரை அளக்கத் தொடங்கினார். 1992-இல் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 70 மில்லிலிட்டர் அளவில் இருந்த அந்த உச்சம், 2003-லும் ஏறக்குறைய அங்கேயேதான் இருந்தது. பதினோரு ஆண்டுப் பயிற்சியில் ‘எஞ்சின்’ வளரவே இல்லை! மாறியது செலவு. ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோ எடைக்கு 205 மில்லிலிட்டர் ஆக்ஸிஜன் தேவைப்பட்ட உடலுக்கு இப்போது 175 போதுமானதாக இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். லண்டன் வேகத்தில் ஓட 1992 பவுலாவுக்குத் தன் உச்சத்தில் 91 சதவீதம் வேண்டியிருந்திருக்கும். அந்த நிலையில் 42 கிலோமீட்டரும் தாக்குப்பிடித்திருக்க மாட்டார். 2003 பவுலாவுக்கு அது 78 சதவீதம்தான்.

அடிக்கு அடி தலையை ஆட்டி, முகத்தைக் கோணிக்கொண்டு ஓடும் அவரைப் பார்த்த எவரும் அதைச் சிக்கனமான ஓட்டம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். சிக்கனம் கழுத்தில் இல்லை, காலில் இருந்தது.

உங்கள் குதிகாலுக்கு மேலே, பின்புறம், இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். கயிறு போல விறைப்பாக ஒன்று அகப்படும். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் நாண் அது. பாதம் தரையில் பதிந்ததும் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அதன்மேல் விழுகிறது, நாண் சில சதவீதம் நீள்கிறது. அடுத்த நொடிப்பகுதியில் உண்டிவில்லின் ரப்பரைப் போலச் சுருங்கி, வாங்கிய ஆற்றலில் 93 சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மீதி ஏழு சதவீதம் மட்டுமே வெப்பமாகப் போகிறது. அதாவது, கீழே விழும் உடலின் ஆற்றலை வாங்கி, அதையே மேலே தூக்கத் தருகிறது. இதற்கு ஒரு துளி ஆக்ஸிஜனும் செலவில்லை. விலங்கியலாளர் மக்நீல் அலெக்சாண்டரும் அவரது குழுவினரும் 1987-இல் போட்ட கணக்குப்படி, ஓடும் மனிதன் ஒவ்வோர் அடியிலும் இழந்து மீட்கும் ஆற்றலில் சுமார் 35 சதவீதம் இந்த நாண் வழியாகவும், 17 சதவீதம் பாத வளைவு வழியாகவும் வந்துபோகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, தசை செய்யும் வேலை. தசை சுருங்கித்தான் நம்மை முன்னால் தள்ளுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். ஓட்டத்தில் கெண்டைக்கால் தசை இழைகள் தங்கள் நீளத்தை அதிகம் மாற்றுவதில்லை. ஒரு முனையை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. நீள்வதும் சுருங்குவதும் நாணின் பொறுப்பு. விரைந்து சுருங்கும் தசைக்கு ஆகும் செலவைவிட, இருந்த இடத்திலேயே இழுத்துப் பிடிக்கும் தசைக்கு ஆகும் செலவு குறைவு. கங்காருவை டிரெட்மில்லில் ஏற்றி, முகமூடி மாட்டி அளந்து பார்த்திருக்கிறார்கள். துள்ளத் தொடங்கியபின் வேகத்தைக் கூட்டினாலும் அதன் ஆக்ஸிஜன் செலவு கூடவில்லை! நம் உறவினரான சிம்பன்சிக்கோ இந்த நாண் இருந்தும் இல்லாததுபோல், மிகக் குட்டை. மாரத்தான் ஓடும் சிம்பன்சியை நீங்கள் பார்க்கப் போவதில்லை.

பவுலாவின் நாணை ஜோன்ஸ் நேரடியாக அளக்கவில்லை. உட்கார்ந்து கால்விரலை எட்டிப் பிடிக்கும் சோதனையில் அவர் ஆண்டுக்கு ஆண்டு மோசமாகிக்கொண்டு வந்ததையும், நின்ற இடத்திலிருந்து துள்ளும் உயரம் கூடியதையும் வைத்து, கால் விறைப்பானதே சிக்கனத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஊகித்தார். உடல் வளைந்தால்தான் ஓட முடியும் என்று மைதானத்தில் பிள்ளைகளைக் குனிய வைத்து முதுகை அழுத்தும் பயிற்சியாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வளைவதில் கெட்டிக்காரர் ஓட்டத்திலும் கெட்டிக்காரராகத்தான் இருப்பார் என்பது ஆதாரமில்லாத நம்பிக்கை.

ஒரே ஆளைப் பதினோரு ஆண்டு அளக்க நம் ஊரில் யார் பணம் தருவார்கள்? மூன்றாண்டுத் திட்டம், முடிவில் ஓர் அறிக்கை, கருவி தூசி படியும். பதக்கம் வந்த மறுநாள் கோடிகளை அறிவிக்கத் தெரிந்த அரசுகள், அதில் ஒரு சிறு பங்கையாவது பதினைந்து வயதுப் பிள்ளைகளை ஆண்டுதோறும் டிரெட்மில்லில் ஏற்றி அளக்க ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

பவுலாவின் சாதனை பதினாறரை ஆண்டு நின்றது. 2019 அக்டோபரில் சிகாகோவில் கென்யாவின் பிரிஜிட் கோஸ்கேய் அதை 81 விநாடி முந்தினார். அவர் காலில் இருந்தது, தடித்த நுரையும் உள்ளே கார்பன் தகடும் கொண்ட புதுவகைக் காலணி. அந்த வகைக் காலணியின் முதல் மாதிரியை ஆய்வகத்தில் சோதித்தபோது ஓட்டத்தின் ஆற்றல் செலவு சராசரியாக 4 சதவீதம் குறைந்தது. நுரை திருப்பித் தந்த ஆற்றல் 87 சதவீதம். அடுத்த ஆண்டே உலகத் தடகள அமைப்பு, சாலை ஓட்டக் காலணியின் அடிப்பகுதி 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, தகடு ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி போட்டது. கோஸ்கேய் மிகச் சிறந்த வீராங்கனை, ஐயமில்லை. ஆனால் இரண்டு நேரங்களையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. காலணியின் பெயருக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் ஒதுக்க வேண்டும்.