எதிர்சாரிக்குப் போகவும் கார்

டைசன்ஸில் ஒரு அலுவலக ஊழியர் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்புகிறார். ஜன்னல் ஓரமாக நின்றால் சாப்பாட்டுக் கடையின் பெயர்ப்பலகை தெரிகிறது, கூப்பிடு தூரம்தான். ஆனால் அவர் லிஃப்டில் இறங்கி, பார்க்கிங் கட்டடத்துக்குப் போய் காரை எடுக்கிறார். ஒரு சிக்னலில் நிற்கிறார், திரும்புகிறார், இன்னொரு சிக்னலில் நிற்கிறார். கடைக்கு முன்னால் இருக்கும் பெரிய பார்க்கிங்கில் இடம் தேடி வண்டியை விட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார். பல வருடம் அந்த ஊரின் மதிய நேரம் இப்படித்தான் போனது. அவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. நடுவில் இருக்கும் சாலையைக் காலால் கடப்பது அவ்வளவு கஷ்டம்.

டைசன்ஸ் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், வாஷிங்டன் நகரத்துக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது. 1950கள் வரை அது வயல்களுக்கு நடுவே இரண்டு சாலைகள் சந்திக்கும் ஒரு முக்கு. பெயரே 'டைசன்ஸ் கார்னர்' என்றுதான் இருந்தது, பின்னால் 'கார்னர்' உதிர்ந்துபோனது. 1964-ல் வாஷிங்டனைச் சுற்றிவரும் பெல்ட்வே என்ற வட்டச்சாலை முழுமையானது. 1968-ல் அதன் ஓரத்தில் பிரமாண்டமான மால் திறந்தது. அப்புறம் அலுவலகங்கள் ஒவ்வொன்றாக வந்து குவிந்தன. 2010 வாக்கில் அங்கே வேலை பார்த்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர், குடியிருந்தவர்கள் இருபதாயிரத்துக்கும் குறைவு. காலையில் ஊர் நிரம்பும், மாலையில் காலியாகும்.

இப்படிப்பட்ட இடத்தை மக்கள் நடந்து புழங்கும் நகரமாக மாற்ற முடியுமா? முடியும் என்று முடிவெடுத்து, அந்தப் பகுதியை நிர்வகிக்கும் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டி 2010 ஜூனில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2050-க்குள் ஒரு லட்சம் பேர் குடியிருக்க வேண்டும், இரண்டு லட்சம் வேலைகள் இருக்க வேண்டும், புதுக் கட்டடங்களில் முக்கால்வாசி ரயில் நிலையங்களிலிருந்து அரை மைலுக்குள் வர வேண்டும் என்பது இலக்கு. இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளிக்கூடக் கணக்கே போதும்.

முதலில் பார்க்கிங். ஒரு கார் நிற்க சுமார் 9 அடிக்கு 18 அடி இடம் வேண்டும், அதாவது 162 சதுர அடி. கார் உள்ளே வரவும் திரும்பவும் வெளியே போகவும் வழி வேண்டுமே, அதையும் பங்கு போட்டால் ஒரு காருக்கு 300 முதல் 350 சதுர அடி ஆகிவிடும். அந்தக் காரில் வந்தவருக்கோ மேஜை, மீட்டிங் அறை, நடைவழி எல்லாம் சேர்த்து அலுவலகத்தில் 200, 250 சதுர அடி போதும். ஆளைவிட வண்டிக்கு அதிக இடம். அதே காருக்கு வீட்டில் ஒரு இடம், மாலில் ஒரு இடம், சாப்பாட்டுக் கடையில் ஒரு இடம் தனித்தனியாக வேண்டும். ஒவ்வொரு கட்டடமும் தன்னுடைய மிக நெரிசலான நேரத்துக்குத் தேவையான இடத்தைத் தானே கட்ட வேண்டும் என்பது பழைய விதி. மால் என்றால் டிசம்பர் மாதக் கூட்டத்துக்கு. மற்ற பதினொரு மாதம் அந்தத் தார்த்தரை பாதி காலியாகக் கிடந்தாலும் கேள்வி இல்லை. கடைசியில் டைசன்ஸில் அலுவலகப் பரப்பைவிட பார்க்கிங் பரப்பு அதிகமாகிவிட்டது.

பார்க்கிங் இடத்தை மட்டும் விழுங்குவதில்லை, கட்டடங்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளியும் வைக்கிறது. தூரம் கூடினால் நடப்பவர் குறைவார். நடப்பவர் குறைந்தால் கார் கூடும், கார் கூடினால் பார்க்கிங் கூடும். ஒருமுறை இந்தச் சுழலில் மாட்டிய ஊர் தானாக வெளியே வராது. (மழை பெய்தால் இந்தத் தார்த்தரைத் தண்ணீர் முழுவதும் பக்கத்திலுள்ள ஸ்காட்ஸ் ரன் ஓடையில் பாய்ந்து கரையை அரித்தது. அதனால் புதுக் கட்டடங்கள் முதல் ஒரு அங்குல மழையைத் தங்கள் மனையிலேயே பிடித்துவைக்க வேண்டும் என்றும் திட்டம் கேட்கிறது.)

அடுத்தது சாலை. ஒரு லேன் 12 அடி அகலம். திரும்பும் லேன்களையும் சேர்த்து பத்து லேன் உள்ள ஒரு சந்திப்பு என்று வைத்துக்கொள்வோம், 120 அடி. அமெரிக்காவில் பாதசாரி சிக்னலுக்கு நேரம் ஒதுக்கும்போது ஒருவர் நொடிக்கு மூன்றரை அடி நடப்பார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் கடக்க 34 நொடி. கையில் குழந்தையோடு வருபவருக்கும் முட்டி வலிக்கும் பாட்டிக்கும் இன்னும் அதிகம். ஆனால் பாதசாரிக்கு 34 நொடி கொடுத்தால் நெடுஞ்சாலையில் வரும் வண்டிகளை அவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும். அதனால் பெரிய சந்திப்புகளில் சிக்னலின் ஒரு சுற்று இரண்டு, மூன்று நிமிடம் வரை நீள்கிறது. பச்சையைத் தவறவிட்டவர் அத்தனை நேரமும் வெயிலில் நிற்கிறார்.

சந்திப்பின் மூலைகளையும் பாருங்கள். கார்கள் வேகம் குறைக்காமல் திரும்ப வசதியாக மூலையை அகலமான வளைவாக வெட்டியிருப்பார்கள். வளைவு பெரிதாக ஆக, பாதசாரி கடக்கும் தூரமும் கூடுகிறது, திரும்பும் காரின் வேகமும் கூடுகிறது. வேகம் இரட்டிப்பானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. அமெரிக்க விபத்துப் பதிவுகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வின்படி, மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தில் மோதிய காரால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று, 68 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டில் ஒன்று. மூலையைக் கூர்மையாக்குவதும் லேனை 12 அடியிலிருந்து 10 அடியாகச் சுருக்குவதும் வெளிப்பார்வைக்குச் சின்ன வேலைகள்தான். ஆனால் குறுகிய லேனில் ஓட்டுநரின் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும், அதற்குப் பலகை வைக்கத் தேவையில்லை.

2014 ஜூலையில் சில்வர் லைன் மெட்ரோ ஓடத் தொடங்கியது. டைசன்ஸுக்குள் மட்டும் நான்கு நிலையங்கள். ரயில் வந்தால் ஊர் மாறிவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள், ஆனால் ரயில் நிலையத்தின் பலன் எத்தனை பேர் நடந்து வந்து சேர முடியும் என்பதைப் பொறுத்தது. என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் உயிர்நாடி இதுதான்.

பத்து நிமிடம் நடந்தால் சுமார் 800 மீட்டர். நிலையத்தைச் சுற்றி 800 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் அதற்குள் ஏறக்குறைய 500 ஏக்கர் அடங்கும். திட்ட வரைபடங்களில் இந்த வட்டத்தைத்தான் போடுவார்கள். ஆனால் யாரும் சுவர்களை ஊடுருவி நேர்கோட்டில் நடப்பதில்லை. சதுரங்கப் பலகை மாதிரி தெருக்கள் இருக்கும் ஊரில் கிழக்கே கொஞ்சம், வடக்கே கொஞ்சம் என்றுதான் நடக்க முடியும். அப்படிப் பத்து நிமிடத்தில் எட்டக்கூடிய இடங்களைக் குறித்தால் வட்டத்துக்குப் பதிலாக சாய்த்து வைத்த ஒரு சதுரம் கிடைக்கும். அதன் பரப்பு சுமார் 320 ஏக்கர். பரவாயில்லை, மூன்றில் இரண்டு பங்கு தேறுகிறது.

இப்போது முட்டுச்சந்துகளும் வேலிகளும் சுற்றுச்சுவர் போட்ட அலுவலக வளாகங்களும் நிறைந்த ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டில் 400 மீட்டர் தள்ளி இருக்கும் இடத்துக்குச் சுற்றிச் சுற்றி 800 மீட்டர் நடக்க வேண்டியிருக்கும். தூரம் இரண்டு மடங்கு ஆனால் எட்டும் பரப்பு பாதியாகும் என்றுதான் மனசு கணக்குப் போடும். பரப்பு ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது, ஆகவே அது கால்வாசியாகிவிடுகிறது. 500 ஏக்கர் வட்டத்தில் மிஞ்சுவது 125 ஏக்கர். அதே ரயில், அதே நிலையம், அதே செலவு. நடுவில் ஒரு வேலியைத் திறந்துவிடாததால் முக்கால் பங்கு பயணிகளை இழக்கிறோம்.

அதனால்தான் திட்டத்தின் நெஞ்சுப்பகுதி தெருக்கள். நான்கு பக்கமும் தெரு சூழ்ந்த ஒவ்வொரு பிளாக்கும் நடக்க வசதியாகச் சிறியதாக இருப்பது நல்லது என்று எழுதினார்கள். சுற்றளவு 1,600 அடி என்று வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் 400 அடி, ஒன்றரை நிமிட நடை. ஒரு சதுர கிலோமீட்டரில் இப்படி பிளாக்குகளை வெட்டினால் ஏறக்குறைய எழுபது முக்குகள் கிடைக்கும். ஒரு பக்கம் 400 மீட்டர் நீளமுள்ள பழைய பெரிய வளாகங்களாக இருந்தால் ஆறு முக்குதான்.

ஆனால் நிலம் எல்லாம் தனியாருடையது. தெரு எங்கிருந்து வரும்? இங்கே ஒரு பேரம் நடக்கிறது. ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு, நம் ஊர்க் கட்டுமானக்காரர்கள் எஃப்எஸ்ஐ என்பார்களே, அதுதான். நிலையத்திலிருந்து கால் மைலுக்குள் அலுவலகங்களுக்கு மட்டும் வரம்பு வைத்துக்கொண்டு, வீடு, ஹோட்டல் போன்றவற்றுக்கு அதை எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு நில உரிமையாளர் தெருவுக்கும் நடைபாதைக்கும் பூங்காவுக்கும் நிலம் தர வேண்டும். உயரமாகக் கட்டும் குடியிருப்புகளில் ஐந்தில் ஒரு பங்கு நடுத்தர வருமானக்காரர்களுக்குக் கட்டுப்படியாக இருக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். நிலையங்களுக்கு அருகில் 'குறைந்தபட்சம் இத்தனை பார்க்கிங்' என்ற பழைய விதியைத் தலைகீழாக்கி, 'அதிகபட்சம் இத்தனை' என்று மாற்றினார்கள்.

இந்தப் பேரத்தில் ஒரு சங்கடமும் இருக்கிறது. ஒரு உரிமையாளர் இன்று கட்டுவார், பக்கத்து மனைக்காரர் பதினைந்து வருடம் கழித்துக் கட்டுவார். அதுவரை புதுத் தெரு மனை எல்லையில் போய் முட்டி நிற்கும். மரம் நட்டு, விளக்குப் போட்டு, நல்ல நடைபாதையோடு ஒரு தெரு, அதன் முடிவில் பழைய பார்க்கிங்கின் வேலி. அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துண்டு துண்டாகத்தான் தெருக்கள் சேரும், பக்கத்து மனைக்காரர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வீடுகளை நுழைப்பதும் இதே கணக்கின் இன்னொரு பக்கம். அலுவலகம் மட்டும் இருக்கும் தெருவில் மாலை ஆறு மணிக்கு மேல் கடை நடத்த முடியாது. மேலே வீடு, கீழே கடை, பக்கத்தில் அலுவலகம் என்றால் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம், இரவில் ஒரு கூட்டம் வரும். பகலில் அலுவலகக்காரர் நிறுத்திய இடத்தில் இரவில் சினிமாவுக்கு வந்தவர் நிறுத்தலாம். 2019-ல் திறந்த 'தி போரோ' வளாகம் இப்படித்தான் அமைந்தது: கிரீன்ஸ்பரோ நிலையத்துக்கு அருகில் வீடு, அலுவலகம், மளிகைக் கடை, திரையரங்கு எல்லாம் ஒன்றாக.

எனக்கு வருத்தமான விஷயமும் உண்டு. சில்வர் லைனை டைசன்ஸுக்கு அடியில் சுரங்கமாகக் கொண்டுபோக வேண்டும் என்று பலர் போராடினார்கள். செலவைக் காரணம் காட்டி, சின்ன ஒரு சுரங்கம் தவிர மற்றதில் பெரும்பகுதியை உயரத்தில் தூண்கள் மேல் கட்டினார்கள். நான்கில் இரண்டு நிலையங்கள் அகலமான 7-ஆம் எண் சாலையின் நடுவிலேயே நிற்கின்றன. பயணிகள் இருபக்கமும் நடைமேம்பாலம் ஏறித்தான் வர வேண்டும். நிலையத்துக்கு வெகு அருகில் இருக்கும் விலைமதிப்பான நிலத்தை அந்தச் சாலையே எடுத்துக்கொள்கிறது. மேம்பாலம் பாதுகாப்பானதுதான், ஆனால் சாலையைச் சாதுவாக்கும் வேலையை அது தள்ளிப்போட்டுவிடுகிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி டைசன்ஸில் 2010-ல் 19,627 பேர் இருந்தார்கள், 2020-ல் 26,374 பேர். ஒரு லட்சத்துக்கு இன்னும் வெகுதூரம்.

2022-ல் பெல்ட்வேக்கு மேலே ஒரு பாலம் திறந்தது. கார் போக முடியாது, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். வட்டச்சாலைக்குக் கிழக்கே ஓல்ட் மெடோ சாலைப் பக்கம் அடுக்குமாடிகளில் நிறையப் பேர் வசிக்கிறார்கள். மால் மேற்கே இருக்கிறது, பால்கனியிலிருந்து பார்த்தால் பக்கம்தான். நடுவில் இரைச்சலோடு ஓடும் பெல்ட்வேயால் நடந்து போவது பெரும்பாடு. இப்போது சுமார் 10 அடி அகலமுள்ள ஒரு பாதை அந்த வாகன வெள்ளத்துக்கு மேலே போகிறது. கீழே ஓடும் சாலையில் ஒரு லேனின் அகலம்கூட இல்லை. ஆனால் எட்டும் பரப்பைக் குறிக்கும் அந்த வரைபடத்தில், அதுவரை வெள்ளையாகக் கிடந்த கிழக்குப் பக்கத்தில் இனி வண்ணம் தீட்டலாம்.