பழகுபவரும் பழக்குபவரும்: ‘அப்ரண்டிஸ்’ என்ற சொல்லின் கதை

கோவையில் கணபதி, பீளமேடு பக்கத்துப் பட்டறைகளில் ‘அப்ரண்டிஸ்’ என்ற சொல்லுக்கு யாரும் அகராதியைத் தேடுவதில்லை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு லேத் என்னும் கடைசல் இயந்திரத்தின் அருகே நின்று வேலை கற்பவர் என்று எல்லோருக்கும் தெரியும். ரயில்வேயில் ‘ஆக்ட் அப்ரண்டிஸ்’ என்பார்கள். 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் சேர்க்கப்பட்டவர் என்று பொருள். இவ்வளவு புழங்கும் சொல்லைத் தமிழில் எழுத வரும்போதுதான் தடுமாறுகிறோம். பயிற்சியாளர், பயிற்சிப் பணியாளர், உதவியாளர், ஹெல்பர் என்று விளம்பரத்துக்கு விளம்பரம் பெயர் மாறுகிறது. பெயர் மாறும்போது அந்த இளைஞரிடம் எதை எதிர்பார்ப்பது, அவருக்கு எதைக் கொடுப்பது என்பதும் மாறிவிடுகிறது. இதில் முதலில் நட்டப்படுபவர் ஆள் சேர்க்கும் முதலாளி என்றே நான் நினைக்கிறேன்.

சொல்லின் வேரைப் பார்ப்போம். ‘அப்ரண்டிஸ்’ 14-ஆம் நூற்றாண்டில் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. கற்றல் என்னும் பொருளுள்ள பிரெஞ்சு வினைச்சொல் ‘அப்ராந்த்ர்’. அதற்கும் மூலம் லத்தீனின் ‘அப்ரெஹெந்தெரே’: கையால் எட்டிப் பற்றுதல், பிடித்தல். கையால் பிடிப்பதைக் குறித்த சொல், நாளடைவில் அறிவால் பிடிப்பதையும் குறித்தது. நமக்கு இது புதிதன்று. ‘வேலை பிடிபட்டுவிட்டது’, ‘கணக்கு இன்னும் பிடிபடவில்லை’ என்று நாமும் சொல்கிறோம். ஒன்றுக்கொன்று உறவில்லாத இரு மொழிகள் ஒரே உடலசைவிலிருந்து ஒரே கருத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

பிரெஞ்சு வினைக்கு இன்னொரு சிறப்பு உண்டு. கற்பதையும் கற்பிப்பதையும் அந்த ஒரே சொல் குறிக்கும். தமிழ் இதை ஒற்றை எழுத்தில் பிரித்து வைத்திருக்கிறது: பழகு, பழக்கு. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. மாடு ஏருக்குப் பழகுகிறது. உழவர் மாட்டை ஏருக்குப் பழக்குகிறார். ஒருவர் பழகுகிறார் என்றால் அவரைப் பழக்க ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்பது அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

ஆகவேதான் தமிழக அரசு ஆவணங்களில் வழங்கும் ‘தொழிற்பழகுநர்’ என்பதே ‘அப்ரண்டிஸ்’ என்பதற்குச் சரியான சொல் என்பேன். தொழில் என்பதன் லகர மெய், அடுத்து வரும் பகரத்தால் றகரமாகத் திரிந்தது. ஓட்டுநர், இயக்குநர், வல்லுநர், பெறுநர் ஆகியவற்றில் இருக்கும் அதே ‘நர்’ விகுதிதான் இங்கும். ‘பழகுனர்’ என்று எழுதுவது பிழை. வண்டி ஓட்டக் கற்பவருக்கு ‘பழகுநர் உரிமம்’ கொடுக்கிறார்களே, அதே பழகுநர். பயிற்சியை முழுமையாகச் சொல்ல ‘தொழிற்பழகுநர் பயிற்சி’ எனலாம்.

‘பயிற்சியாளர்’ ஏன் கூடாது? ‘எங்களிடம் 40 பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள்’ என்று ஒரு நிறுவனம் எழுதினால், கற்றுக்கொடுப்பவர் நாற்பது பேரா, கற்பவர் நாற்பது பேரா? கிரிக்கெட் அணியின் பயிற்சியாளர் கற்றுக்கொடுப்பவர் அல்லவா? இலங்கையில் ‘பயிலுநர்’ என்கிறார்கள். அது குழப்பமில்லாத நல்ல சொல். ஆனால் பாடப் புத்தகத்தையும் பயிலலாம். பழக்கமோ கையும் கண்ணும் சேர்ந்து, மீண்டும் மீண்டும் செய்து வருவது. ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்று சொல்லி வருவது இதைத்தான்.

பழகுதலுக்கு இன்னொரு பொருளும் உண்டு: ‘அவரோடு நான் பழகியிருக்கிறேன்.’ முதலாளிக்கு இருக்கும் மிகப் பெரிய ஆதாயம் இந்தப் பொருளில்தான் இருக்கிறது. அரை மணி நேர நேர்காணலில் ஓர் ஆளின் சான்றிதழ்தான் தெரியும். ஓராண்டு பழகினால் ஆளே தெரிவார். மைக்ரோமீட்டர் காட்டும் அளவை உள்ளபடி எழுதுகிறாரா, கூட்டி எழுதுகிறாரா? வேலை கெட்டால் வந்து சொல்கிறாரா, மறைக்கிறாரா? மேஸ்திரி இல்லாதபோது இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் விடுகிறாரா? வெளியிலிருந்து கூடுதல் சம்பளம் கொடுத்து ஆள் எடுத்து, மூன்றாம் மாதத்தில் இவர் நமக்கு ஒத்துவரமாட்டார் என்று கண்டுகொள்ளும் செலவு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தனி வரியாக வருவதில்லை. வராவிட்டாலும் அது செலவுதான்.

அடுத்தது, அந்தப் பட்டறைக்கே உரிய பழக்கம். ஐ.டி.ஐ.யில் கற்பது பொதுவான தொழில். நம்மிடம் இருக்கும் இயந்திரத்தின் குணம், நம் வாடிக்கையாளர் கேட்கும் நுட்ப அளவு, எந்த வார்ப்பில் எந்த வேகத்தில் கருவி மழுங்கும் என்பதெல்லாம் நம் கூரையின்கீழ் மட்டுமே கற்கக் கூடியவை. லேத் ஓட்டி முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒரு டர்னர், வெட்டும் ஒலியைக் கேட்டே கருவியைத் தீட்ட வேண்டும் என்று சொல்லிவிடுவார். அவர் ஓய்வு பெறும் நாளில் அந்தக் காதும் அவரோடு போய்விடும். அவர் பக்கத்தில் ஒரு பழகுநரை நிறுத்தியிருந்தால் அதில் பாதியாவது பட்டறையில் தங்கும். கற்றுக்கொடுக்கும் மூத்தவருக்கும் இதில் ஆதாயம் உண்டு. ‘ஏன் இப்படிச் செய்கிறீர்கள் அண்ணா?’ என்று இளையவர் கேட்கும்போதுதான், பல ஆண்டுகளாகக் கை தானாகச் செய்துவந்ததை அவர் முதன்முதலாக யோசிக்கிறார். நல்ல சூப்பர்வைசர்கள் அப்படித்தான் உருவாகிறார்கள்.

சட்டம் தரும் வசதிகளும் சிறியவை அல்ல. 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள், மொத்தப் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை தொழிற்பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள சிறு பட்டறைகள் விரும்பினால் சேர்க்கலாம். 2016-இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், தொழிற்பழகுநருக்கு நிறுவனம் தரும் மாத உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் என்ற வரம்புக்குள் மத்திய அரசு ஏற்கிறது. சட்டப்படி பதிவான தொழிற்பழகுநருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் கிடையாது. அவர் தொழிலாளி அல்லர், கற்பவர் என்பதே காரணம்.

அந்தக் காரணத்தை மறந்துவிட்டுச் சலுகையை மட்டும் எடுத்துக்கொள்வதில்தான் சொல் கெடுகிறது. இது முன்பும் நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1563-ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் கற்க ஏழாண்டுப் பழகுகாலம் விதித்தது. ஒப்பந்தத்தை ஒரே தாளில் இருமுறை எழுதி, நடுவே பல் பல்லாக வெட்டி ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். பின்னாளில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பற்கள் பொருந்த வேண்டும். பல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அந்தத் தாளுக்கு ‘இண்டெஞ்சர்’ என்று பெயர் வந்தது. உழைப்பு ஒருபுறம், தொழிலறிவு மறுபுறம் என்ற உடன்பாடு அது. ஆனால் 1834-இல் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது, விடுதலை பெற்றவர்களுக்கு ‘அப்ரண்டிஸ்’ என்று பெயர் சூட்டி அதே எசமானர்களிடம் கூலியின்றி வேலை வாங்கினார்கள். கரும்பு வெட்டத் தெரிந்தவருக்குக் கரும்பு வெட்டுவதில் என்ன பயிற்சி? மேற்கிந்தியத் தீவுகளில் இது 1838-இலும், மொரிஷியஸில் 1839-இலும் முடிவுக்கு வந்தது. பிறகு அந்தத் தோட்டங்களை நிரப்பக் கப்பலேறியவர்களில் தமிழர்களும் உண்டு. அவர்கள் கைநாட்டு வைத்த ஒப்பந்தத்துக்கும் பெயர் இண்டெஞ்சர்தான். இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது.

அந்தக் கொடுமையோடு இன்றைய ஆலையை நான் ஒப்பிடவில்லை. ஆனாலும் தொழிற்பழகுநர் என்று பதிந்து, ஆண்டு முழுவதும் அட்டைப்பெட்டி ஒட்ட விட்டால், அங்கே பழக்குபவர் இல்லை. ஆகவே பழகுநரும் இல்லை. குறைந்த செலவில் ஒரு கை கிடைத்தது, அவ்வளவே. ஆண்டு முடிவில் அந்தக் கை போய்விடும். மறுபடி சந்தையில்தான் டர்னர் தேட வேண்டும்.

முறையாகப் பழக்குவதற்குச் செலவு உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. மூத்தவரின் நேரம், கெட்டுப்போகும் பொருள், இயந்திரம் சும்மா நிற்கும் மணிகள் எல்லாமே பணம். சுவிட்சர்லாந்தில் பெரும்பாலான நிறுவனங்கள், பழகுநர் செய்யும் வேலையின் மதிப்பாலேயே பயிற்சிக் காலத்துக்குள் செலவை ஈட்டிவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஜெர்மனியில் பல நிறுவனங்களுக்குப் பயிற்சிக் காலத்தில் கையிலிருந்துதான் போகிறது. அந்த ஆளையே வேலைக்கு வைத்துக்கொள்ளும்போது தேர்வுச் செலவும் மறுபயிற்சிச் செலவும் மிச்சமாகி அது திரும்பி வருகிறது.

‘கற்றுக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவானே’ என்பது நம் முதலாளிகள் எப்போதும் சொல்வது. போவார்கள்தான். போகாதவர்களை வைத்துக்கொள்ளும் வழியும் முதலாளி கையில் இருக்கிறது: பழகுகாலம் முடிந்ததும் சந்தை நிலவரப்படி சம்பளம் கொடுப்பது, எத்தனை பேரை எந்தத் தகுதியில் நிலைப்படுத்துவோம் என்பதை முதல் நாளே எழுதிக் கொடுப்பது. பழகியவர்களைப் பணியில் சேர்ப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று 2014-இன் சட்டத்திருத்தமும் சொல்கிறது. போனவர்களில் சிலர் சொந்தப் பட்டறை வைத்து, பழைய இடத்துக்கே ஜாப் ஒர்க் செய்து கொடுப்பதும் கோவையில் வழக்கம். நம் அளவும் தரமும் தெரிந்த ஒருவர் வெளியில் இருப்பது நட்டமாகாது.

கடைசியாக ஒரு சொல் வசதி. ‘அப்ரண்டிஸ் பையன்கள் தேவை’ என்ற விளம்பரம் பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ‘தொழிற்பழகுநர்’ இருபாலுக்கும் பொது. வெல்டிங்கோ கணினிவழி இயங்கும் சி.என்.சி. இயந்திரமோ கற்க வரும் பெண்ணுக்கும் அதே சொல். விளம்பரத்தில் வேறெதையும் மாற்ற வேண்டியதில்லை.