ஒப்பந்தம் இருந்தும் கரையேறாத சரக்கு

ஏற்றுமதி ஆவணங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில். சீனாவுக்குச் சரக்கு அனுப்ப நினைப்பவர்கள், வரி எவ்வளவு, சான்றிதழ் என்னென்ன என்றுதான் கேட்கிறார்கள். இரண்டு அரசுகளுக்கும் இப்போது உறவு எப்படி என்று கேட்பதில்லை. அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு நேர்ந்ததைப் பாருங்கள்.

சீனாவுடன் அந்நாடு செய்துகொண்ட தடையற்ற வணிக ஒப்பந்தம் 2015 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2020 ஏப்ரலில், கொரோனா எப்படித் தோன்றியது என்பதற்குச் சுதந்திரமான விசாரணை தேவை என்றது ஆஸ்திரேலிய அரசு. அடுத்த மாதமே அதன் பார்லிக்கு 80.5 சதவீத வரி விழுந்தது. நான்கு இறைச்சிக்கூடங்களின் மாட்டிறைச்சி நிறுத்தப்பட்டது. 2021 மார்ச்சில் ஒயினுக்கு 218.4 சதவீதம் வரை வரி உறுதியானது. பத்து டாலர் பாட்டிலுக்கு இருபத்தொரு டாலருக்கு மேல் வரி கட்டி யார் வாங்குவார்கள்?

காகிதத்தில் இருந்த காரணங்கள் வேறு. பார்லியும் ஒயினும் மலிவு விலையில் கொண்டுவந்து குவிக்கப்படுவதாகச் சொன்னார்கள். பார்லி மீதான விசாரணை 2018லேயே தொடங்கியதுதான். மாட்டிறைச்சிக்கு லேபிள் கோளாறு, மரக்கட்டைக்குப் பூச்சி. ஆனால் 2020 நவம்பரில் சீனத் தூதரகம் ஆஸ்திரேலிய ஊடகங்களிடம் கொடுத்த 14 குறைகளின் பட்டியலில் அந்த கொரோனா விசாரணைக் கோரிக்கையும் இருந்தது.

என்னை மிகவும் உறுத்துவது சிங்கி இறால் விவகாரம். அதற்கு வரி உயரவில்லை. உலோகக் கலப்பு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என ஷாங்காய் விமான நிலையத்தில் தாமதப்படுத்தினார்கள். உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் அந்தச் சரக்குக்கு விலை. பெட்டிக்குள் நேரம் கடந்தால் முதல் முழுவதும் போயிற்று. மேல்முறையீடு செய்யக் கையில் ஓர் உத்தரவுகூட இருக்காது.

இரும்புத் தாதைச் சீனா தொடவில்லை. அதன் எஃகு ஆலைகளுக்கு அது வேண்டும். வேறிடத்தில் வாங்கிக்கொள்ளக்கூடிய பொருளை விற்றவர்கள்தான் அடி வாங்கினார்கள். இரண்டு தலைநகரங்களின் பிணக்குக்கு மீனவரும் திராட்சை விவசாயியும் விலை கொடுத்தது அநியாயம்.

பார்லி வரி 2023 ஆகஸ்டிலும் ஒயின் வரி 2024 மார்ச்சிலும் நீங்கின. இறாலுக்கு 2024 முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் பார்லி சவூதி அரேபியா போன்ற சந்தைகளுக்குத் திரும்பியது. சீனாவைப் பெரிதும் நம்பியிருந்த ஒயினுக்கு ஈடான சந்தை அமையவில்லை.

ஆகவே கையெழுத்திடும் முன்பே இரண்டாவது நாட்டில் ஒரு வாங்குநரைப் பேசி வையுங்கள். சோதனைக்காகச் சரக்கு துறைமுகத்தில் தேங்கினால் தாமதக் கட்டணமும் கெட்டுப்போகும் நட்டமும் யாருடையவை என்பதை ஒப்பந்தத்தில் தனிப் பிரிவாகவே எழுதி வாங்குங்கள்.