இ-சஞ்சீவனி: போனிலேயே அரசு டாக்டர், ஆனாலும் ஏன் தயக்கம்?

கடலூர் பக்கம் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் எழும் பேச்சு, "ஜிப்மருக்குப் போயிடலாமா?" என்பதுதான். பெரிய வியாதிக்கு அது சரி. தோல் அரிப்புக்கும், பழைய சர்க்கரை மாத்திரையையே தொடரலாமா என்று கேட்கவும் காட்டுமன்னார்கோவிலிலிருந்து பஸ் மாறி புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஓ.பி. வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. இப்படிப்பட்ட விஷயங்களுக்குத்தான் இ-சஞ்சீவனி.

இது மத்திய சுகாதார அமைச்சகத்தின் சேவை, கட்டணம் கிடையாது. வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசும் வசதி ஊரடங்கு நேரத்தில், 2020 ஏப்ரலில் வந்தது. செயலியிலோ இணையதளத்திலோ மொபைல் எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. வரும். பெயர், வயது, என்ன தொந்தரவு என்று பதிய வேண்டும். பழைய ரிப்போர்ட் இருந்தால் போட்டோ எடுத்து ஏற்றலாம். முறை வந்ததும் டாக்டர் வீடியோவில் வருவார். பேசி முடித்தபின் மருந்துச்சீட்டு போனுக்கே வந்துவிடும்.

இவ்வளவு சுலபம் என்றால் ஏன் எல்லோரும் பயன்படுத்துவதில்லை? ஒரு புதுத் தொழில்நுட்பத்தை மக்கள் எதனால் ஏற்கிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் 2003-லேயே நான்கு காரணங்களைச் சொன்னார்கள்: பயன் உண்டா, கையாளச் சுலபமா, வேண்டியவர்கள் என்ன சொல்கிறார்கள், உதவிக்கு ஆளும் வசதியும் இருக்கிறதா. நம் ஊரில் கடைசி இரண்டும்தான் கனம் என்பது என் கணிப்பு.

ஓ.டி.பி.யையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் எண் என்று வீட்டில் எழுதி வைத்திருப்பது திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் எண்ணாக இருக்கும். அவன் ஷிஃப்டில் இருக்கும்போது ஓ.டி.பி. அங்கே போய் விழும். இங்கே நேரம் முடிந்துவிடும். மகனே வீட்டில் இருந்தாலும், "யாருக்கும் ஓ.டி.பி. சொல்லாதே" என்று பேங்க்காரர்கள் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானதே. பதிவு செய்யும்போது வருகிற எண்ணை நீங்களே திரையில் தட்டினால் போதும். போனில் கூப்பிட்டு யாராவது கேட்டால், டாக்டர் என்றே சொன்னாலும், கொடுக்காதீர்கள்.

போனே கைவராதவர்களுக்கும் வழி உண்டு. இதே இ-சஞ்சீவனி மூலம் சுகாதார நிலையத்தில் இருக்கும் நர்ஸ் உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேறிடத்தில் இருக்கும் டாக்டரோடு இணைத்துப் பேச வைக்கலாம். பிரஷரை அவரே பார்த்து டாக்டரிடம் சொல்லிவிடுவார். பழகின நர்ஸம்மா "பேசும்மா, நம்ம டாக்டர்தான்" என்று சொல்வதற்கு இருக்கும் மதிப்பு எந்த விளம்பரத்துக்கும் வராது. உங்கள் ஊர் நிலையத்தில் எந்த நேரத்தில் இணைக்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள்.

நம்பிக்கை வர இன்னொரு வழி, விதியைத் தெரிந்துகொள்வது. 2020 மார்ச் 25-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, டாக்டர் தன் பெயரைச் சொல்லியே பேச வேண்டும். மருந்துச்சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். போதைத்தன்மை உள்ள சில மருந்துகளை இந்த முறையில் எழுதவே கூடாது. குழந்தைக்கு என்றால் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். நேரில் பார்த்தால்தான் சரிவரும் என்று டாக்டர் சொல்லலாம். பேச்சைப் பாதியில் நிறுத்திக்கொள்ள உங்களுக்கும் உரிமை உண்டு. செயற்கை நுண்ணறிவு தானாக மருந்து எழுதித் தர அனுமதி இல்லை.

14 இலக்க 'ஆபா' எண்ணைப் பற்றியும் கேட்கிறார்கள். அது உங்கள் மருத்துவப் பதிவுகளை ஒன்றாகச் சேர்ப்பதற்கு. விருப்பம் இருந்தால் எடுக்கலாம், கட்டாயமில்லை. 2020 ஆகஸ்ட் 15-ல் இந்த ஏற்பாடு சோதனையாகத் தொடங்கிய ஆறு யூனியன் பிரதேசங்களில் புதுச்சேரியும் ஒன்று.

தமிழ்நாடு-புதுச்சேரி எல்லைப் பக்கத்தில் ஒரு குழப்பம் வரும். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்நாட்டுத் திட்டம். கடலூரில் உண்டு. கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்தது, அங்கே இது வராது. இ-சஞ்சீவனிக்கு அந்தத் தடை இல்லை, நாடு முழுக்க உண்டு.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பாம்புக்கடி என்றால் செயலியைத் திறந்துகொண்டு உட்காராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மனசு சரியில்லை, தூக்கமே வரவில்லை என்றால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 14416. தமிழிலேயே பேசலாம், பட்டன் போனே போதும்.