அணைத்தும் மினுங்கும் விளக்கு: சுவருக்குள் ஒரு நீர்க்கட்டி

மெல்பர்னில் டாண்டினாங் பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார்: ‘1980-களில் கட்டிய வீடு. படுக்கையறைக்கு ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டினோம். அணைத்த பிறகும் எல்.இ.டி. விளக்கு இருட்டில் மங்கலாக எரிகிறது. சில இரவுகளில் இரண்டு நொடிக்கு ஒருமுறை பளிச்சென்று வெட்டுகிறது. இது நல்லதுக்கில்லை, அந்த அறையில் படுக்காதீர்கள் என்கிறார் மாமியார். சுவிட்ச் கெட்டதா, வயரிங் கெட்டதா? வாங்கும்போது எதைப் பார்த்திருக்க வேண்டும்?’

முதலில் மாமியாருக்குப் பதில். பயப்பட ஒன்றுமில்லை அம்மா, தாராளமாகப் படுங்கள். இருட்டில் தானாக மினுங்கும் விளக்கைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு ஒரு கணம் திக்கென்றுதான் இருக்கும். ஆனால் காரணம் தெரியாத ஒன்றுக்குச் சகுனம் என்று பெயர் வைத்துவிட்டால் காரணத்தைத் தேடும் வழியே அடைபட்டுப் போகிறது. இந்த மினுங்கலுக்குக் காரணம் இருக்கிறது, அதுவும் மிக அழகான காரணம். உங்கள் சுவிட்ச் விளக்கின் வழியாகத் தண்ணீர் குடிக்கிறது.

சாதாரண சுவிட்ச் வெறும் கதவு. திறந்தால் மின்சாரம் போகும், மூடினால் நிற்கும். அதற்கென்று தீனி எதுவும் வேண்டாம். ஸ்மார்ட் சுவிட்ச் அப்படியல்ல. உள்ளே ஒரு குட்டிக் கணினியும் ரேடியோவும் இருக்கின்றன. விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் கைபேசியின் கட்டளைக்காக அவை இரவும் பகலும் காது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் ஓட ஒரு வரும் வழியும் ஒரு திரும்பும் வழியும் தேவை என்பது பள்ளியிலேயே படித்ததுதான். அந்தத் திரும்பும் வழிதான் நியூட்ரல்.

சிட்னி டூங்காபியில் உள்ள எங்கள் வீட்டில் போன ஆண்டு சுவிட்சை மாற்ற ஓர் எலக்ட்ரீசியன் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மெயினை அணைத்து, 84 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு திருகுகளைக் கழற்றித் தகட்டை முன்னால் இழுத்தார். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுக்குள்ள சிவப்பும் வெள்ளையும்தான் கிடக்கு. கறுப்பு இல்லை” என்றார். சிவப்பு, மின்சாரம் வரும் ஆக்டிவ். வெள்ளை, சுவிட்சிலிருந்து விளக்குக்கு ஏறும் வயர். கறுப்பு நியூட்ரல் கூரையில் விளக்கோடு நின்றுவிட்டது. பழைய ஆஸ்திரேலிய வீடுகள் பலவற்றில் இப்படித்தான். வயர்களைச் சுவிட்சில் இணைக்காமல் விளக்கின் தலைமாட்டிலேயே இணைத்துவிடுவார்கள். அன்றைக்கு அது செம்பை மிச்சப்படுத்திய நல்ல வேலை. சுவிட்சுக்கே பசிக்கும் காலம் வரும் என்று யார் கண்டார்?

நியூட்ரல் இல்லாமலே வேலை செய்யும் சுவிட்சுகள் கடையில் கிடைக்கின்றன. அவை உயிர் வாழும் விதம் எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

விளக்கு அணைந்திருக்கும் நேரத்தை முதலில் பார்ப்போம். சுவிட்சின் இரு முனைகளுக்கும் நடுவே முழு 230 வோல்ட்டும் நிற்கிறது. சுவிட்ச் ஒன்றிரண்டு மில்லிஆம்ப் மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டு அதை விளக்கின் வழியாகவே நியூட்ரலுக்கு அனுப்புகிறது. பழைய குண்டு பல்புக்கு இது உறைக்கவே உறைக்காது. இழை சூடேறக்கூட இது போதாது. எல்.இ.டி.யின் கதை வேறு. அது ஒரு வாட்டில் நூற்றில் சில பங்கு கிடைத்தாலே கண்ணுக்குத் தெரியும்படி ஒளிரும். அதுதான் உங்கள் மங்கல் வெளிச்சம். சில விளக்குகளுக்குள் இருக்கும் கெபாசிட்டர் அந்தச் சொட்டுகளைச் சேமித்து வைக்கும். போதுமான அளவு சேர்ந்ததும் உள்ளிருக்கும் சுற்று விழித்து ஒரு வெட்டு வெட்டும். சேமிப்பு தீர்ந்து அணையும், மறுபடி சேரும். இரண்டு நொடிக்கு ஒருமுறை வருவது அதுதான்.

விளக்கு எரியும்போதுதான் உண்மையான சிக்கல். சுவிட்ச் கதவைத் திறந்துவிட்டால் அதன் இரு முனைகளுக்கும் நடுவே வோல்ட்டேஜே இருக்காது. வோல்ட்டேஜ் இல்லாத இடத்தில் எதைக் குடிப்பது?

வாய்க்கால் பாசனம் பார்த்தவர்களுக்கு நீர்க்கட்டியைத் தெரியும். மடையைத் திறந்து மூடி வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுபவர். அவருக்குத் தனிக் குடிநீர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் மடையில் முட்டி ஏறும்போது முதலில் ஒரு சொம்பு மொண்டுகொள்கிறார், அப்புறம் மடையைத் திறக்கிறார். வயலுக்கு அந்தச் சொம்பு தெரியவே தெரியாது.

சுவிட்ச் செய்வதும் இதேதான், நொடிக்கு 100 முறை. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலையடிக்கிறது. ஒவ்வொரு அரை அலையும் 10 மில்லிநொடி. ஒவ்வொன்றும் பூஜ்யத்தில் பிறந்து 325 வோல்ட் உச்சிவரை ஏறி மீண்டும் பூஜ்யத்துக்கு இறங்கும். அலை பிறந்து 0.3 மில்லிநொடிக்குள் சுமார் 30 வோல்ட் வந்துவிடுகிறது. அதுவரை சுவிட்ச் கதவைத் திறக்காமல் காத்திருந்து தன் கெபாசிட்டரை நிரப்பிக்கொள்கிறது, பிறகே கதவைத் திறந்து முழு அலையையும் விளக்குக்கு விடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: குண்டு பல்பாக இருந்தால் இதில் அது இழக்கும் ஆற்றல் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு. அலை பிறக்கும் அந்த இடத்தில் எப்படியும் ஆற்றல் அதிகம் கிடையாது. கிடையாத இடத்தில் எடுத்துக்கொள்வதால் யாருக்கும் குறை தெரிவதில்லை. யாரோ ஒரு பொறியாளர் இதை முதன்முதலில் தாளில் வரைந்த அன்று எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

இதற்கும் எல்லை உண்டு. விளக்கு மிகச் சிறியதாக இருந்தால் அதன் வழியே ஓடும் மின்னோட்டம் சொம்பை நிரப்பப் போதாது. சுவிட்ச் மயங்கி மயங்கி விழித்தெழும். பெட்டியில் ‘குறைந்தபட்ச லோடு’ என்று ஒரு வாட் கணக்கு போட்டிருப்பது இதனால்தான். உங்கள் விளக்கு அதற்கும் குறைவு என்றால் அந்தச் சுவிட்ச் உங்களுக்கு வேண்டாம். நியூட்ரல் இல்லாத சுவிட்சுகளில் வைஃபை அரிது, குறைந்த மின்சாரத்தில் பேசும் ஜிக்பீ என்ற ரேடியோ முறை அதிகம் என்பதும் இதனால்தான். வைஃபை ரேடியோ பேசும் கணத்தில் ஒரு வாட்டை நெருங்கும் அளவுக்குக் கேட்கும். ஜிக்பீக்கு அதில் ஒரு சிறு பங்கு போதும்.

வைஃபை பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வீட்டுச் சுவர்களில் மோதிச் சிதறி எதிரொலியாகக் குழம்பும் ரேடியோ அலைகளைப் பிரித்தறியும் வழியைக் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றவர்கள் சிட்னியில் இருந்த, ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் விஞ்ஞானிகள், அமெரிக்கக் காப்புரிமை 1996-இல் கிடைத்தது. குழுவில் இருந்த ஜான் ஓசலிவன் அதற்கு முன் தேடிக்கொண்டிருந்தது வெடிக்கும் குட்டிக் கருந்துளைகளை! அவை கிடைக்கவில்லை. அந்தத் தேடலில் கைவந்த கணிதம் வைஃபைக்கு உதவியது. காப்புரிமை வழியே அந்த நிறுவனத்துக்குப் பல கோடி டாலர் வந்தது. ‘கருந்துளையைத் தேடி என்ன லாபம்?’ என்று கேட்டு வானியலுக்கான நிதியை வெட்டுபவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. லாபம் எந்தத் திசையிலிருந்து வரும் என்று தெரியாத காலத்தில் செய்வதுதான் ஆராய்ச்சி. அந்த நிதியை வெட்டக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

சுவிட்சுக்குத் திரும்புவோம். நியூட்ரல் வயர் வராத சுவர்ப்பெட்டியில், நியூட்ரல் கேட்கும் சுவிட்சை மாட்டச் சிலர் ஒரு குறுக்கு வழி காட்டுவார்கள்: பச்சை மஞ்சள் எர்த் வயரை நியூட்ரலாகப் பயன்படுத்து. ஆஸ்திரேலியாவில் மெயின் சுவிட்ச்போர்டில் எர்த்தும் நியூட்ரலும் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதால் அது வேலையும் செய்யும். வேலை செய்கிறதே என்பதுதான் ஆபத்து. எங்காவது அந்த எர்த் வயர் விட்டுப்போனால், அதற்குப் பின்னால் உள்ள உலோக விளக்குச் சட்டங்களுக்குச் சுவிட்சின் வழியாகவே மின்சாரம் ஏறும். காப்பாற்ற வேண்டிய வயரே கடத்தும் வயர் ஆகிவிடும். தயவுசெய்து யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள். இன்னொன்று: இந்த நாட்டில் உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன் அல்லாதவர் சுவர் சுவிட்சை மாற்றுவது சட்டவிரோதம், சொந்த வீடாக இருந்தாலும் சரி. விக்டோரியாவில் வேலை முடிந்ததும் மின் பாதுகாப்புச் சான்றிதழ் தர வேண்டும். கேட்டு வாங்கி வையுங்கள்.

அடுத்து, வாங்கும்போது பார்க்க வேண்டியது ஆர்.சி.எம். முத்திரை. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விதிகளின்படி மின் பாதுகாப்பும் ரேடியோ விதிகளும் நிறைவேறியிருக்கின்றன என்று விற்பவர் பொறுப்பேற்கும் அடையாளம் அது. சுவர் சுவிட்ச் இங்கே மிக உயர்ந்த அபாயப் பிரிவான மூன்றாம் நிலையில் வருகிறது. சோதனைக்கு உட்பட்டுச் சான்று வாங்காமல் விற்கக் கூடாது. ஆனால் முத்திரையை யாரும் அச்சடித்துவிடலாம். அதனால் விற்பவரிடம் சான்று எண்ணைக் கேளுங்கள். அரசின் மின்சாதனப் பாதுகாப்புத் தளமான இ.இ.எஸ்.எஸ். பதிவேட்டில் தேடிப் பாருங்கள். எண் தரத் தயங்கினால் வேறு கடை. ஐரோப்பாவின் சி.இ. குறி இதற்கு மாற்று ஆகாது. ‘மேட்டர்’ என்ற முத்திரையும் வேறு சங்கதி. சாதனங்கள் ஒன்றோடொன்று பேசும் மொழிக்கான சான்று அது, தீப்பிடிக்காது என்பதற்கான சான்று அல்ல.

சோதனை என்றால் என்ன செய்வார்கள்? பழுக்கக் காய்ச்சிய கம்பி வளையத்தைச் சுவிட்சின் பிளாஸ்டிக்கில் 30 நொடி அழுத்திப் பிடிப்பார்கள். மின்பகுதிகளைத் தாங்கும் பிளாஸ்டிக்குக்கு அந்தக் கம்பியின் வெப்பம் 850 பாகை செல்சியஸ். கம்பியை எடுத்த பின் 30 நொடிக்குள் தீ தானாக அணைந்தாக வேண்டும். ஒரு திருகு தளர்ந்து சுவருக்குள் நள்ளிரவில் சூடேறினால் என்ன நடக்கும் என்பதைப் பகலில் மேசைமேல் நடத்திப் பார்க்கிறார்கள். மலிவுச் சுவிட்சில் பணத்தை மிச்சம் பிடிக்கும் இடங்களில் இந்தப் பிளாஸ்டிக்கும் ஒன்றாக இருக்கலாம்.

உறவினர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சுவிட்சும் வேண்டாம். அங்குள்ள 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தது இங்கே தாங்காது. இசட் வேவ் என்ற இன்னொரு ரேடியோ முறையில் பேசும் வகையாக இருந்தால் ரேடியோவும் ஒத்துவராது: அமெரிக்க இசட் வேவ் பேசுவது 908 மெகாஹெர்ட்ஸில், ஆஸ்திரேலியாவில் இத்தகைய சாதனங்களுக்கு ஒதுக்கிய இடமோ 915 முதல் 928 வரை.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வாங்குவோருக்கு இந்த நாட்டின் சில பகுதிகளில் இன்னொரு சங்கதி உண்டு. இரவில் வெந்நீர்த் தொட்டிகளை மலிவுக் கட்டணத்தில் ஓட வைக்க, மின்வாரியங்கள் மின்கம்பியிலேயே 750 அல்லது 1050 ஹெர்ட்ஸ் போன்ற சங்கேதத் துடிப்புகளை ஏற்றி அனுப்புகின்றன. டிம்மர் அலை பூஜ்யத்தைத் தொடும் கணத்தை வைத்தே காலம் கணிக்கும். துடிப்பு வரும்போது அந்தக் கணம் ஒரு மில்லிநொடியில் நூற்றில் சில பங்கு நகரும், போனதும் பழைய இடத்துக்கு வரும். மங்கலாக வைத்த விளக்கு அதில் நடுங்குகிறது. சில வீடுகளில் மின்விசிறிகூட அந்த நேரத்தில் முனகும். இந்தத் துடிப்பை வடிகட்டும் டிம்மரா என்று கேட்டு வாங்குங்கள்.

டாண்டினாங் வீட்டின் அந்த மினுங்கலுக்கு வருவோம். சான்று எண் சரியாக இருந்தால் சுவிட்சை மாற்ற வேண்டியதில்லை. கூரையில் விளக்குக்குப் பக்கவாட்டில் மின்னோட்டத்துக்கு மாற்று வழி தரும் ஒரு பைபாஸ் கெபாசிட்டரைப் பொருத்தச் சொல்லுங்கள். சுவிட்ச் தயாரிப்பாளரே பரிந்துரைக்கும், சான்று பெற்ற ஒன்றாக இருக்கட்டும். ஒரு மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் 50 ஹெர்ட்ஸில் அதன் தடை சுமார் 3,200 ஓம். சுவிட்ச் குடிக்கும் இரண்டு மில்லிஆம்ப் அதன் வழியே போகும்போது விளக்கின் முனைகளில் எழுவது ஆறரை வோல்ட்கூட இல்லை. எல்.இ.டி. சுற்று அதில் விழிக்காது.

எங்கள் வீட்டில் அந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஏணியில் ஏறி அதைப் பொருத்த இருபது நிமிடம் ஆனது. அன்றிரவு அறையை இருட்டாக்கி விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். கும்மிருட்டு. சுவருக்குள் நீர்க்கட்டி மட்டும் தன் சொம்பை நிரப்பிக்கொண்டிருந்தார்.