பேப்பர்ஸ்: தாளா, ஆவணமா?

நிலம் வாங்கப் போனால் "பேப்பர்ஸ் எல்லாம் சரியா இருக்கா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். யாரும் அங்கே வெள்ளைத் தாளை எண்ணுவதில்லை. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று என்று சட்டெனப் புரிந்துவிடுகிறது. ஆனால் ஒரு அமெரிக்கக் காப்பகத்தின் பட்டியலைத் தமிழாக்கும்போது 'ஹவல் காப் குடும்பத் தாள்கள்' என்று எழுதிவிடுகிறோம். இது தவறு.

ஹவல் காப் (1815–1868) ஜார்ஜியாவின் வழக்கறிஞர். அம்மாநில ஆளுநராகவும் அமெரிக்க நிதியமைச்சராகவும் இருந்தவர், உள்நாட்டுப் போரில் தென் மாநிலப் படையின் மேஜர் ஜெனரல் ஆனார். அந்தக் குடும்பத்தின் ஆவணங்கள் ஏதென்ஸ் நகரில், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஹார்கிரெட் நூலகத்தில் இருக்கின்றன. காப்பகத்தார் பேச்சில் ஓர் அலுவலகம் விட்டுச் சென்றது 'ரெக்கார்ட்ஸ்'. ஒரு மனிதரோ குடும்பமோ விட்டுச் சென்றது 'பேப்பர்ஸ்'. எழுதியது அவராகவே இருக்க வேண்டியதில்லை. மனைவிக்கு வந்த கடிதம், கடைக்காரரின் ரசீது என்று அந்த வீட்டில் சேர்ந்தது எல்லாம் அதில் அடங்கும். அதை வேறொரு வீட்டுக் கட்டோடு கலக்கவும் மாட்டார்கள்.

பேப்பர் என்ற சொல் எகிப்திய நாணலான பாப்பிரஸிலிருந்து கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நம் 'தாள்' என்பதும் முதலில் தண்டுதான். அறுத்த வயலில் மிஞ்சி நிற்பது அரிதாள். காகிதம் பாரசீகத்துக் 'காகஸ்' வழியே வந்தது. இந்த மூன்றும் எழுதப்படும் பொருளைச் சொல்கின்றன, எழுத்தின் பயனைச் சொல்வதில்லை.

அதைச் சொல்வது ஆவணம். பழம்பாடல்களில் அது கடைத்தெரு. அப்புறம் விற்பனைக்கும் உரிமைக்கும் சான்றான எழுத்தையும் குறித்தது. பெரியபுராணத்தில் ஆவணம் என்பது, சுந்தரரைத் தன் அடிமை என்று முதியவர் நீட்டிய ஓலை. சுந்தரர் அதைக் கிழித்தெறிந்தார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர் மூல ஓலையைக் காட்ட, அதிலிருந்த சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தை இன்னொரு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

அமெரிக்கத் தெற்கின் குடும்பக் கட்டுகளை விரிக்கும்போது இந்த ஓலை எனக்கு நினைவுக்கு வருகிறது. பஞ்சுக் கணக்குக்கும் மருத்துவர் ரசீதுக்கும் நடுவே மனிதர்களை விற்ற பத்திரம் வரும்: ஒரு பெயர், வயது, எதிரே டாலரில் விலை. பெரும்பாலும் குடும்பப் பெயர் இருக்காது. 1850, 1860 அடிமைக் கணக்கெடுப்புகளில் உரிமையாளரின் பெயர் இருந்தது. அடிமைகளுக்குப் பெரும்பாலும் வயது, பால், நிறம் மட்டுமே. ஆகவே முன்னோரைத் தேடும் கறுப்பினக் குடும்பங்களுக்குப் பாட்டியின் பாட்டி பெயர் கிடைத்தால், இப்படிப்பட்ட ஒரு வீட்டுக் கட்டில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதைத் 'தாள்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

சரி, எப்படி எழுதலாம்? முழுத் தொகுதிக்குத் தலைப்பாக 'ஹவல் காப் குடும்ப ஆவணத் தொகுப்பு'. உள்ளே வருவதற்கு அதனதன் பெயர்: கடிதம், ரசீது, கணக்கேடு, விற்பனைப் பத்திரம். தாள் என்ற சொல்லை எண்ணிக்கைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: 'மூன்று தாள்களில் ஒரு கடிதம்' என்பது போல.